ஜெர்மனியில் ஒரு வீட்டுப் பெயரை விசாரித்தது

மூன்று வருடங்களாக என் பெயரை ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே அவ்வளவாக யாரும் கூப்பிடுவதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்கு 'பேக்கிங்' என்று பெயர். வீட்டில் 'இன்னாங்க'. மாதனூர் பக்கத்தில் எங்கள் தெருவில் தேவைப்பட்டால் கையைத் தட்டுவார்கள், நான் திரும்பிப் பார்ப்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகளின் பாஸ்போர்ட். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, இனிஷியல் மட்டும்தான். கட்டத்தைக் காலியாக விட்டால் விசாவில் பேஜார் ஆகும் என்று ஏஜென்ட் சொன்னதால் என் பெயரை முழுதாகப் போட்டோம். நர்ஸ் வேலைக்குப் போன என் மகளை அங்கே குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒருநாள் வீடியோ காலில் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மூன்றாவது வருடம் மகள் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். ஜெர்மன்காரன். அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிறவன். கட்டிக்கொள்ள நினைக்கிறோம், லீவில் இரண்டு பேரும் வருகிறோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றிவிட்டால் அங்கே போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொள்வோம் என்றாள். நான் "சரிம்மா" என்றேன். என் மனைவி "மாமா இன்னா சொல்றாரோ" என்றாள்.

மாமா என்றால் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். பள்ளிகொண்டாவில் இருக்கிறார், ரிடையர் ஆன பஸ் கண்டக்டர். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பையன் வீட்டைப் பற்றி விசாரித்து வருவது அவர் வேலை. யாருக்கும் சொல்லாமல் பையன் ஊருக்குப் பஸ் ஏறிப் போவார். டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். டீக்கடையில் கேட்டதை இஸ்திரிக் கடையில் சரிபார்ப்பார். சாயங்காலம் திரும்பி வந்து குடுக்கலாம், குடுக்க வேணாம் என்று ஒரு வார்த்தை சொல்வார். அவர் வேணாம் என்று நிறுத்திய பையன்களில் ஒருத்தர் இப்போது தாசில்தார். அதைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை.

நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டுத் தட்டைக் கையில் எடுப்பதும் தாய்மாமன்தான். அவர் தட்டை எடுக்காவிட்டால் என் மனைவி சம்மதிக்க மாட்டாள். அம்மா சம்மதிக்காவிட்டால் மகள் கட்டிக்கொள்ள மாட்டாள். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆக, ஜெர்மன்காரனின் கல்யாணம் பள்ளிகொண்டாவில் மாட்டிக்கொண்டது.

மச்சான் அடுத்த நாளே வந்து மகளை வீடியோ காலில் கூப்பிட்டார்.

"பையன் இன்னா வேல?"

"பிசியோதெரபி மாமா. நடக்க முடியாதவங்கள நடக்க வெப்பாரு."

"அத வுடு, அது வேல. எந்த ஊரு, யாரு ஜனம்? பங்காளிங்க இன்னா பண்றாங்க?"

"மாமா, அவங்கம்மா அப்பா ஒரு சின்ன ஊர்ல இருக்காங்க. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். அதனால வர முடியல. வீடியோல பேசுவாங்க."

"வீடியோல பேசறவங்க ஆயிரம் பேசுவாங்க. ஊட்டுப் பேரு ஒண்ணு இருக்குமே, அது இன்னா?"

"கெர்பர்."

மச்சானுக்கு வீட்டுப் பெயர் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். ஆந்திரா எல்லை வரைக்கும் பஸ் ஓடின ரூட்டில் கண்டக்டராக இருந்தவர். பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்குக் குடும்பங்களுக்கு வீட்டுப் பெயர் உண்டு. ஒரே வீட்டுப் பெயர் இருந்தால் பங்காளிகள், எங்கேயோ ஒரு தாத்தாவிடம் போய்ச் சேருவார்கள். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பேரு கெடச்சிடுச்சி. மாப்ள, நீதான் ஜெர்மனிக்கு ஷூ அனுப்பறல்ல, விசாரி. விசாரிக்காத எடத்துல நான் தட்ட தொட மாட்டேன்."

நான் ஜெர்மனிக்கு ஷூ அனுப்புவது என்பது, அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவது. ஆனால் மச்சானிடம் எதையும் மறுத்துச் சொல்லிப் பழக்கமில்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. போனில் அந்தப் பெயரை அடித்தேன். ஒரு பக்கம் வந்தது. அதில் ஜெர்மனி வரைபடம் இருந்தது. அந்தப் பெயர்க்காரர்கள் ஜாஸ்தி இருக்கிற மாவட்டம் நல்ல சிவப்பு, கம்மியாக இருக்கிற இடம் வெளிர் சிவப்பு, இல்லாத இடம் வெள்ளை. கீழே இடதுபக்க மூலை தக்காளி மாதிரி சிவந்திருந்தது. வடக்கேயும் கிழக்கேயும் போகப் போக வெளுத்தது. பக்கத்து நாடு சுவிட்சர்லாந்திலும் நிறைய பேர் இருப்பதாகவும், கப்பலேறி அமெரிக்கா போய் அங்கேயும் பெருகிவிட்டதாகவும் எழுதியிருந்தது. அதற்கும் கீழே, இந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு வரி. தொழிலால் வந்த பெயர். தோல் பதனிடுகிறவன் என்று அர்த்தம்.

நான் போனை அணைத்துப் பையில் வைத்துவிட்டேன். பக்கத்து சீட்டில் ஸ்டிச்சிங் பிரிவுப் பெண் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்திருக்க முடியாது. இருந்தாலும் அணைத்தேன்.

என் அப்பா பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். பச்சைத் தோலை ஊறப்போட்டு முடி எடுக்கிற வேலை. சுண்ணாம்பு அவர் விரல்களைத் தின்றுவிட்டது. வந்ததும் சீயக்காய் போட்டுத் தேய்ப்பார், பிறகு சோப்பு போட்டுத் தேய்ப்பார். வாடை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ரேஷன் கார்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கேட்டால் கம்பெனி வேலை என்று சொல்லச் சொன்னார். எனக்குப் பெண் பார்த்தபோது, பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு கண்டக்டர் விசாரிக்க வருவார் என்று முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. அப்பா டீக்கடைக்காரருக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு கொடுத்தார். டீக்கடைக்காரர் என் அப்பாவை கிளார்க் ஆக்கிவிட்டார். இஸ்திரிக்காரருக்கு எங்களைத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் துணியை இஸ்திரிக்குப் போட்டதில்லை.

அப்படி நடந்த கல்யாணம்தான் என்னுடையது. கட்டிய கையோடு மாதனூர் பக்கம் தனிக்குடித்தனம் வந்துவிட்டோம். அதை நான் என் மனைவியிடம் சொன்னதில்லை. முதல் வருடம் பயம், அப்புறம் சந்தர்ப்பம் வரவில்லை, அதற்குள் அப்பாவும் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தபோது வரைபடத்தை மட்டும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு பூரா நம்ம பையன் ஜனமா?"

"ஆமா மச்சான்."

"எலெக்ஷன்ல நிக்கலாமே." போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஏன் வெள்ளையா கீது? தொரத்தி வுட்டாங்களா?"

"அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு வேற பேராம்."

"சரி. பேரு எப்பிடி வந்துச்சாம்?"

"தொழில்ல வந்தது."

"இன்னா தொழில்?"

"லெதர் லைன்."

எங்கள் ஊரில் லெதர் லைன் என்றால் கார் வைத்திருக்கிற முதலாளியும் லெதர் லைன்தான், தொட்டியில் நிற்கிறவரும் லெதர் லைன்தான். மச்சான் முகம் மலர்ந்தது. "எக்ஸ்போர்ட்டா?" என்றார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவரப் போனேன்.

"பேரும் எடமும் கெடச்சிடுச்சி. ஆளு யாருனா கெடச்சா ஒரு வார்த்த பேசிட்டு முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

ஆள் கிடைத்தார். அதுதான் வினை.

எங்கள் கம்பெனிக்கு வருடத்தில் சில தடவை ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் பெட்டிகளைத் திறந்து பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போடுவார். உயரமான மனிதர், சிரிக்க மாட்டார். எப்போதும் கையில் அளவு டேப் இருக்கும் என்பதால் 'டேப் சார்' என்றுதான் எங்களுக்குத் தெரியும். அவர் கை நீட்டுகிற பெட்டியை நான் பிரித்துக் காட்டுவேன். அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை ஃபைலில் வைப்பேன். கையெழுத்துக்குக் கீழே அவர் பெயர் அச்சடித்திருக்கும். பல வருடங்களாக அதை ஃபைலில் வைத்திருக்கிறேன், படித்ததில்லை. அந்த வாரம் அவர் வந்தபோது படித்தேன். கெர்பர்.

அதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மனைவி அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். காலையில் பள்ளிகொண்டா முழுக்கத் தெரிந்துவிட்டது: பையனின் பங்காளி ஒருத்தர் ஆம்பூரிலேயே இருக்கிறார், நிச்சயதார்த்தத்துக்குப் பையன் பக்கம் அவர்தான் உட்காரப் போகிறார்.

மறுநாள் கோடவுனில் டேப் சார் ஒரு பெட்டியிலிருந்து ஷூவை எடுத்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனில் பையன் படத்தை எடுத்து நீட்டினேன். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "சார், சேம் நேம். மை டாட்டர் மேரேஜ். யுவர் பிரதர்?"

ஷூவைப் பார்க்கிற அளவுக்கே நிதானமாக அந்தப் படத்தையும் பார்த்தார். "குட் பாய்," என்றார். "ஐ டோன்ட் நோ ஹிம்."

பிறகு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். முன்காலத்தில் அவர்கள் ஊர்களில் ஆட்கள் பெருகியபோது, ஒரே பெயரில் பலர் இருந்ததால் அவரவர் செய்த தொழிலைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்களாம். ஆறு ஓடுகிற ஊரில் எல்லாம் தோல் பதனிடுகிறவர் இருந்தார். அதனால் இந்தப் பெயர் ஒரே வீட்டில் பிறக்கவில்லை, ஊருக்கு ஊர் தனித்தனியாகப் பிறந்தது. கிழக்கே பவேரியா பக்கம் அதே வேலைக்கு வேறு சொல், லெதரர். அதனால்தான் அங்கே வெள்ளை. அப்புறம் பிள்ளைகள் என்ன வேலைக்குப் போனாலும் பெயர் அப்படியே இருந்துவிட்டது. அவருடைய தாத்தா தபால்காரர், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். "நான் பச்சைத் தோலை முதல் முதலாகப் பார்த்ததே ஆம்பூரில்தான்," என்றார். அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாராம். அதையும் சிரிக்காமல்தான் சொன்னார்.

சாயங்காலம் மச்சானுக்குப் போன் செய்தேன்.

"மச்சான், டேப் சாரு சொந்தம் இல்லியாம். பையன யாருன்னே தெரியாதாம்."

"எந்தப் பங்காளி சொந்தம்னு ஒத்துக்கினான்? நெலத் தகராறு இருக்கும். நீ கண்டுக்காத. பாக்கு வெத்தல வெச்சி அழை."

"மச்சான், அங்க ஒரே பேரு இருந்தா பங்காளின்னு அர்த்தம் இல்லியாம்."

"அப்ப பேரு எதுக்கு? மாப்ள, எல்லார்கிட்டயும் சொல்லியாச்சி. பையன் பக்கம் ஒரு ஆளு உக்காரலன்னா, அநாதைக்குப் பொண்ணு குடுத்தோம்னு பேசுவாங்க. நான் தட்ட எடுக்க மாட்டேன், பாத்துக்க."

வெள்ளிக்கிழமை நான் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. டேப் சார் அதைக் கவனித்திருக்க வேண்டும். "மேரேஜ் ஓகே?" என்று கேட்டார். "நோ ஃபேமிலி சார். நோ மேரேஜ்," என்றேன். பாக்கெட்டில் இருந்த வெற்றிலை பாக்குப் பொட்டலத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாட் ஷுட் ஐ டூ?"

"சிட் சார். ஒன்லி சிட். ஒன் பிளேட் டேக். திஸ் சண்டே."

காலண்டரைப் பார்த்தார். "சண்டே. வாட் டைம்?"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று சொன்னதற்கு ஒன்பது ஐம்பதுக்கு வந்து நின்றார். எங்கள் வீட்டில் ஒருத்தரும் தயாராக இல்லை. டை கட்டியிருந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி வைத்தார், நான் பார்த்தேன். எங்கள் கம்பெனி ஷூ இல்லை, இத்தாலி.

முந்தின நாளே மகளோடு வந்துவிட்ட பையன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். இரண்டு கெர்பர்களும் கை குலுக்கி, நாலு வார்த்தை பேசி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்கள். அதற்குமேல் பேசவில்லை.

மச்சான் என் காதில் சொன்னார்: "பாத்தியா? ரொம்ப நாளா பேச்சுவார்த்த இல்ல. நெலம்தான்."

தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பழம், தேங்காய், மஞ்சள், புடவை. டேப் சார் குனிந்து தன் பக்கத்துத் தட்டைப் பார்த்தார். ஓர் ஆப்பிளை எடுத்துத் திருப்பினார், அடியில் லேசாக நசுங்கியிருந்தது. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் நான் போய் வேறு ஆப்பிள் எடுத்து வந்து மாற்றினேன்.

தட்டை எடுப்பதற்கு முன்னால் மச்சான் தொண்டையைச் செருமினார். என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

"சபையில கேக்கறது மொற. இவங்க பெரியவங்க இன்னா தொழில் பண்ணாங்கன்னு கேளு. உங்கப்பா லெதர் லைன்னு சொன்னாரு. எக்ஸ்போர்ட்டான்னு கேட்டு சொல்லு."

நான் சுவர் ஓரமாக நகர்ந்தேன். மகள் ஜெர்மனில் கேட்டாள். டேப் சார் எதையும் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை, முழுதாகச் சொன்னார். மகள் கேட்டுவிட்டு ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னாள்.

"எக்ஸ்போர்ட் இல்ல மாமா. பச்சத் தோல சுண்ணாம்புல ஊற வெச்சி, முடி எடுத்து, மரப்பட்டத் தண்ணியில போட்டு பதம் பண்றவங்க. அவங்களுக்குத்தான் அந்தப் பேரு. இப்ப யாரும் அந்த வேல செய்யல. பேர மட்டும் வெச்சிருக்காங்க."

"மாத்தலியா?"

"இல்ல மாமா."

"வெளிய சொல்லிக்கிறாங்களா?"

"கதவுலயே எழுதி வெப்பாங்க."

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, இது உனுக்குத் தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"லெதர் லைன்னு சொன்ன."

"லெதர் லைன்தான மச்சான்."

"உங்க நைனாவையும் கிளார்க்குன்னுதான் சொன்னாங்க," என்றார். "பேரணாம்பட்டு டீக்கடக்காரன் புதுச் செருப்பு போட்டுக்கினு சொன்னான். அப்புறம் உங்க ஊட்டுக்கு வந்து உங்க நைனா கையப் புடிச்சி வணக்கம் சொன்னேன். வெரல்ல நகமே இல்ல. எந்த ஊரு கிளார்க்குக்கு நகம் இல்லாம பூடும்?"

என் மனைவி உள்ளேயிருந்து வெளியே வந்துவிட்டாள். "ண்ணா, தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்ப. வேற எடம் பாக்க எனக்கு டிப்போல லீவு இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தேங்காயைப் பார்த்தேன். மச்சான் குனிந்து தட்டை எடுத்தார்.

"இன்னா ஜனமோன்னு பேஜாரா இருந்துச்சி. நமக்குத் தெரிஞ்ச ஜனம்தான். எழுந்து வாங்க சம்பந்தி." டேப் சாருக்கு அது எப்படிப் புரிந்ததோ, எழுந்து வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீடியோவில் பையனின் அம்மா கட்டுப் போட்ட காலோடு கை தட்டினார். அவன் அப்பா எங்கள் டேப் சாரைப் பார்த்து இது யார் என்று பையனிடம் கேட்டதாக மகள் பிற்பாடு சொன்னாள்.

திங்கட்கிழமை கம்பெனியில் டேப் சார் ஒரு லாட் முழுவதையும் நிறுத்திவிட்டார். இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்கும் கலர் ஒரு துளி வித்தியாசம். எல்லாப் பெட்டிகளையும் நானே திரும்பப் பிரித்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி, "சம்பந்தியாயிட்டு இப்டிப் பண்ணலாமா" என்று வருத்தப்பட்டாள். அதற்கு முந்தின நாள் முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. அதனால் எனக்கு அந்த வருத்தம் பிடித்திருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "உங்க நைனாவுக்கு நெறய வலிச்சிருக்கும் இல்ல, கை" என்று மட்டும் கேட்டாள். "ஆமாம்" என்றேன்.

கல்யாணப் பதிவுக்கு முன்னால் மகள் போன் செய்தாள்.

"ப்பா, இங்க யாரு பேர வெச்சிக்கறோம்னு எழுதிக் குடுக்கணும். உன் பேர எடுத்துட்டா உனக்கு வருத்தமா?"

"என் பேர இங்கயே யாரும் கூப்பிடறது இல்லம்மா."

"அதான் கேக்கறேன்."

நான் யோசித்தேன். "உங்க தாத்தா வேலயத்தான பேரா வெக்கப் போற," என்றேன். "வெச்சிக்க."

போன மாதம் புது வீட்டின் கதவுப் படத்தை அனுப்பினாள். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் சின்னப் பித்தளைத் தகடு, துடைத்துப் பளபளவென்று. அதில் அந்த ஒரு சொல் மட்டும். நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மனைவியிடம் காட்டினேன், பிறகு மச்சானுக்கு அனுப்பினேன். அவர் அதை எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, கீழே 'லெதர் லைன்' என்று எழுதியிருந்தார்.